முதல் துண்டு முதலைக்கறி: வாசகர் கேள்விகளுக்கு லாஃபயட்லேர்ந்து பதில்

போன இதழ்ல அமெரிக்காவோட லூசியானா மாநிலத்துச் சாப்பாடு பத்தி எழுதினதுல முதலைக்கறின்னு ஒரே ஒரு வரிதான் வந்துச்சு, ஆனா வந்த கேள்வில பாதிக்கு மேல அதைப் பத்திதான். நான் லூசியானால இந்த லாஃபயட் ஊருக்கு வந்து 16 வருஷம் ஆச்சு, தெரிஞ்சதைச் சொல்றேன்.

அக்கா, அடுத்த மாசம் நண்பர்களோட நியூ ஆர்லியன்ஸ் போறோம். முதலைக்கறி சாப்பிட்டே ஆகணும்னு பந்தயம் கட்டியிருக்கோம். கோழி மாதிரியே இருக்கும்ங்கறாங்களே, நிஜமா? எதை ஆர்டர் பண்ணலாம்? (வாசகர், டாலஸ்)

தம்பி, முதல்ல அந்தப் பந்தயத்தை விட்டுடுங்க. பந்தயம்னா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கத்தான் தோணும், ருசி என்னன்னே தெரியாது. பக்கத்து டேபிள்ல அந்த ஊர்க் குடும்பம் குழந்தைங்களோட உக்காந்து நாம பஜ்ஜி சாப்பிடற மாதிரி அதையே சாப்பிட்டுட்டு இருப்பாங்க, அவங்க முன்னாடி முகத்தைச் சுளிச்சு வீடியோ எடுக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பல. நம்ம வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு யாராவது மூக்கைப் பொத்தினா நமக்கு எப்படி வலிக்கும்?

ருசின்னு கேட்டா, நான் தூத்துக்குடிக்காரி, மீன் கணக்குலதான் சொல்ல வரும். முதல் கடியில கோழி நெஞ்சுக்கறி, மெல்ல மெல்ல சுறாத் துண்டு. அந்த இறுக்கம், இழை இழையா பிரியறது, கடைசியா நாக்குல நிக்கிற லேசான மீன் வாசம், மூணும் சேர்ந்தாத்தான் முதலைக்கறி. நான் முதல்ல சாப்பிட்டது ப்ரோ ப்ரிட்ஜ்ங்கற ஊர் பக்கத்துல ஒரு ரோட்டோரக் கடையில, காகிதம் விரிச்ச கூடையில நெல்லிக்காய் அளவுத் துண்டுங்க, மேல மக்காச்சோள மாவு மொறுமொறுன்னு, உள்ள வெள்ளை வெளேர்னு ஆவி பறந்துச்சு. அந்தக் கூடையை நான் ஒருத்தியே காலி பண்ணினேன்.

முதல் தடவைன்னா அந்தப் பொரிச்ச துண்டுதான் சரி. வால் கறியான்னு கேட்டுக்கோங்க, ஏன்னா வாலும் தாடைக் கறியும்தான் வெள்ளையா மென்மையா இருக்கும், காலும் உடம்பும் கொஞ்சம் கருத்து, நார் ஜாஸ்தி, அது குழம்புக்குத்தான் ஆகும். மிளகாயும் தக்காளியும் போட்டு மணிக்கணக்கா கொதிக்க வைக்கிற சாஸ் பிக்கான்ட்னு ஒண்ணு இருக்கு, நம்ம நாக்குக்கு ரொம்ப ஒத்துப்போகும், அதை ரெண்டாவது நாளுக்கு வெச்சுக்கோங்க. ஒரு விஷயம் மட்டும் கட்டாயம் கவனிங்க: முதலை சாசேஜ்னு விக்கிறது பெரும்பாலும் பன்றிக்கறி கலந்து செஞ்சது. உங்க குரூப்ல பன்றி சாப்பிடாதவங்க இருந்தா வெறும் பேரைப் பாத்து வாங்கிடாதீங்க, பொரிக்கிற எண்ணெயும் பொதுவா இருக்கலாம். இன்னொண்ணு, இஸ்லாமியச் சட்டத்துல ஷாஃபி, ஹனஃபி முறையில முதலை கூடாதுன்னுதான் சொல்றாங்க, முஸ்லிம் நண்பர்கள் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

முதலை அழிஞ்சிட்டு வர்ற பிராணி இல்லையா? அதைச் சாப்பிடறது தப்பா தெரியலையா உங்களுக்கு? (கல்லூரி மாணவி, கோவை)

நல்ல கேள்விம்மா, நானும் இதே கேள்வியோடதான் வந்தேன். தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி இந்த அமெரிக்க முதலை, அதாவது அலிகேட்டர், அழியற நிலைக்குப் போனது உண்மை. லூசியானால 1962ல வேட்டையையே நிறுத்தினாங்க, 1967ல மத்திய அரசு அழியும் ஆபத்துல இருக்கிற உயிர்ப் பட்டியல்ல சேர்த்துச்சு. அப்புறம் எண்ணிக்கை ஏற ஏற, 1972ல ஒரே ஒரு மாவட்டத்துல மட்டும் கணக்கு வெச்சு வேட்டையைத் திறந்தாங்க, 1987ல இனம் மீண்டுடுச்சுன்னு அறிவிச்சாங்க. இன்னைக்கு லூசியானா சதுப்புல மட்டும் 20 லட்சத்துக்கு மேல இருக்கு.

எப்படி நடந்துச்சுங்கறதுதான் முக்கியம். கடலோரச் சதுப்பு நிலம் இங்க பெரும்பாலும் தனியார் கையில இருக்கு. கோடைக்காலத்துல முதலை முட்டை போட்டதும் அனுமதி வாங்கின பண்ணைக்காரங்க கூடுகளைத் தேடி முட்டை எடுப்பாங்க, நிலத்துக்காரருக்குக் காசு கொடுப்பாங்க, பொரிச்சு மூணு நாலு அடி வளர்த்ததும் அதுல ஒரு பங்கைக் கட்டாயமா திரும்பச் சதுப்புல விடணும். சதுப்பு சதுப்பாவே இருந்தாத்தான் நிலத்துக்காரருக்கு வருமானம், அதனால அவர் அதை மூடி வேற எதுக்கும் மாத்த மாட்டார். செப்டம்பரை ஒட்டி நடக்கிற காட்டு வேட்டைலயும் ஒவ்வொரு முதலைக்கும் அரசு எண்ணி கொடுத்த அடையாளப் பட்டை, அதாவது டேக், மாட்டணும், டேக் முடிஞ்சா வேட்டை முடிஞ்சது. தோலுக்குத்தான் பெரிய காசு, கறி அதோட கூட வர்றது. இதெல்லாம் தெரிஞ்ச பிறகு என் மனசு சமாதானம் ஆச்சு. உங்க மனசு ஆகலைன்னா சாப்பிடாதீங்க, அதுவும் சரியான பதில்தான்.

தவக்கால வெள்ளிக்கிழமைல முதலை சாப்பிடலாம்னு ஒருத்தர் சொன்னார், நம்பலாமா? (வாசகி, ஹூஸ்டன்)

நம்பலாம்மா. தவக்கால வெள்ளிக்கிழமைல கத்தோலிக்கர்கள் கறி சாப்பிட மாட்டாங்க, மீன் சாப்பிடலாம். 2010ல நியூ ஆர்லியன்ஸ் பேராயர் கிரிகரி ஏமண்ட்கிட்ட ஒருத்தர் இதையே எழுதிக் கேட்டப்போ, முதலை மீன் வகைல சேரும், சாப்பிடலாம்னு கடிதமே கொடுத்தார். எங்க ஊர்ல தவக்காலம்னா மீன் குழம்பு, இங்க அதே வெள்ளிக்கிழமை மீனோட முதலையும் தட்டுல வருது.

ஃப்ரோசன் பாக்கெட் வாங்கி மட்டன் மாதிரி குக்கர்ல வெச்சேன். ரப்பர் மாதிரி ஆயிடுச்சு, வீடு பூரா கவுச்சி. என்ன தப்பு பண்ணேன்? (வாசகர், அட்லான்டா)

நானும் முதல் தடவை இதேதான் பண்ணேன், மூணு விசில் விட்டு எடுத்தா கவுச்சி வாசம் ரெண்டு நாள் போகல. தப்பு மசாலால இல்ல, கொழுப்புல இருக்கு. பக்கத்து வீட்டுல கேஜன்னு சொல்ற இங்கத்த பிரெஞ்சு வம்சாவளியைச் சேர்ந்த வயசான ஒரு அம்மா இருந்தாங்க, அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. கறியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாங்க, ஓரத்துல மஞ்சளும் வெள்ளையுமா ஒட்டியிருந்த கொழுப்பைக் கத்தி முனையால கிளப்பி நகத்தால பிடிச்சு இழுத்தாங்க, அது கயிறு மாதிரி நீளமா வந்துச்சு. அந்தச் சின்னச் சின்னக் கோடு வரைக்கும் விடல. அந்தக் கொழுப்புலதான் கவுச்சி மொத்தமும் இருக்கு. மேல மெல்லிசா வெள்ளி நிறத்துல ஒரு சவ்வு இருக்கும், அதையும் உரிச்சுடணும், அதுதான் சூட்டுல சுருங்கிக் கறியை இறுக்கும்.

அப்புறம் நார் ஓடற திசைக்குக் குறுக்கால சின்னதா வெட்டி, தட்டி, உப்புப் போட்ட மோர்ல ஒரு ராத்திரி ஊறட்டும். பொரிக்கிறதா இருந்தா நல்லா காஞ்ச எண்ணெய்ல மூணு நிமிஷம் போதும், கொழுப்பே இல்லாத கறி, அதுக்கு மேல போனா ரப்பர்தான். குழம்பா வேணும்னா மூடி போட்டு சிறு தீயில ஒரு மணி நேரத்துக்கு மேல விடுங்க. அரைகுறையா வெந்தா ருசி கெடறது மட்டும் இல்ல, ஊர்வன கறில சால்மொனெல்லா கிருமி வரும், வெட்டின பலகையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க, உள்ளே சிவப்போ ஜவ்வோ இல்லாம வெந்திருக்கணும். நான் இப்போ மோர்ல ஊறினதை வடிச்சு மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டு சுக்கா பண்றேன், அந்த அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தப்போ கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காம சாப்பிட்டாங்க.

எனக்கு மீன் அலர்ஜி. முதலை மீன் இல்லையே, சாப்பிடலாம்தானே? (வாசகர், சிங்கப்பூர்)

வேண்டாம் தம்பி, டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க. மீன்ல அலர்ஜி கொடுக்கிற பார்வால்புமின்ங்கற புரதத்தோட ஜாடை முதலைக்கறிலயும் இருக்கு, அதனால மீன் ஒத்துக்காதவங்களுக்கு முதலைக்கறியும் ஒத்துக்காம போகலாம். கர்ப்பமா இருக்கறவங்களும் காட்டு முதலையைத் தவிர்த்துடுங்க, பெரிய மீன் மாதிரியே அதுவும் உடம்புல பாதரசத்தைச் சேர்த்து வெச்சுக்கும்.

ஊருக்கு வரும்போது கொஞ்சம் கொண்டு வர முடியுமா? இங்க உடும்புக்கறி கிடைக்கும்ங்கறாங்க, அதாவது ட்ரை பண்ணலாமா? (வாசகர், திருச்சி)

ரெண்டுமே கூடாது ஐயா. வெளிநாட்டு இறைச்சியை அனுமதி இல்லாம இந்தியாவுக்குள்ள கொண்டு வர முடியாது. உடும்பு விஷயத்துல நான் கண்டிப்பாவே சொல்றேன்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல உடும்பு, நம்ம ஊர் முதலை எல்லாம் முதல் அட்டவணை, பிடிச்சா குறைஞ்சபட்சமே 3 வருஷ ஜெயில். மூட்டு வலிக்கு நல்லது, வீரியம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, அதுக்கு ஆதாரமே கிடையாது. முதலை பாக்கணும்னா குடும்பத்தோட சென்னைலேர்ந்து மகாபலிபுரம் போற வழில 1976ல ஆரம்பிச்ச முதலைப் பண்ணைக்குப் போய்ட்டு வாங்க. வேற கறி சாப்பிடணும்னா சட்டப்படி வளர்க்கிற காடை, முயல், வான்கோழி இருக்கே.

முதலைக்கு அப்புறம் வேற எதை ட்ரை பண்ணினீங்க? மறக்க முடியாதது எது? (வாசகி, மதுரை)

காட்டெருமை கறி, மான் கறி, தவளைக்கால் எல்லாம் சாப்பிட்டிருக்கேன். தவளைக்கால் சின்னக் கோழிக்கால் மாதிரி, ரெய்ன்ங்கற ஊர் அதுக்கே பேர் போனது.

மறக்க முடியாதது நியூட்ரியா. தண்ணில வாழற பெரிய எலி வகை, ஆரஞ்சு நிறப் பல்லு. ரோமத்துக்காக 1930கள்ல தென் அமெரிக்காலேர்ந்து கொண்டு வந்தாங்க, தப்பிச்சுப் பெருகி, சதுப்புப் புல்லை வேரோட தின்னு நிலத்தையே தண்ணியாக்குது. அதனால அரசே ஒரு வாலுக்கு 6 டாலர் கொடுக்குது, பிடிச்சு சாப்பிடுங்கன்னு 1990கள்ல பெரிய சமையல்காரங்களை வெச்சு பிரசாரமே பண்ணிப் பாத்தாங்க, எலிங்கற பேரே ஜனங்களைத் தடுத்துடுச்சு. தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல வெங்காயம், ஒயின் ஊத்தி வேக வெச்சுக் கொடுத்தாங்க, முயல் கறின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். சாப்பிடும்போது எனக்கு எங்க தாத்தா ஊர் ஞாபகம்தான் வந்துச்சு, அறுவடை முடிஞ்ச வயல்ல இருளர் குடும்பங்க வளை தோண்டி எலி பிடிப்பாங்க, அந்த வளைக்குள்ள எலி சேர்த்து வெச்ச நெல்லையும் மடில கட்டிட்டுப் போவாங்க. அதுவும் எலிக்கறிதான், இங்க சதுப்பைக் காப்பாத்தற மாதிரி அங்க பயிரைக் காப்பாத்தற வேலை. ஆனா நாங்க குழந்தைங்க வரப்புல நின்னு அவங்களைப் பாத்து "ச்சீ"ன்னு சொல்லியிருக்கோம், அன்னைக்கு அந்தத் தட்டு முன்னாடி உக்காந்தப்போதான் அது எனக்கு உறைச்சுது.