துபாயிலிருந்து முதல் வெக்கேஷன்: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

தம்பி கேட்டது இது: துபாய் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. ஜூலையில் முதல் முறையாக ஊருக்கு, பட்டுக்கோட்டைப் பக்கம், 45 நாள் லீவு. வீட்டில் மனைவி, அம்மா, கைக்குழந்தையாக விட்டு வந்து அதன்பின் வீடியோ காலில் மட்டுமே பார்த்த மூன்று வயதுப் பையன். என்ன வாங்குவது, எதையெல்லாம் பார்த்துக்கொள்வது?

வாங்குவது கடைசி. முதலில் திரும்பி வருகிற செலவை எடுத்து ஓரமாக வையுங்கள். லீவு சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் பலரும் கிளம்புகிறார்கள். மாதம் 20ஆம் தேதி திரும்பி வந்து வேலையில் சேர்ந்தால் அந்த மாதக் கடைசியில் பத்து நாள் சம்பளம்தான் வரும். முழுச் சம்பளத்துக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குப் பெட்ஸ்பேஸ் (அறையில் ஒரு கட்டில் இடம்) வாடகையும் மெஸ் பணமும் இல்லாமல்தான் ரூம்மேட்டிடம் கடன் வாங்கத் தொடங்குகிறார்கள். ஒரு மாதச் செலவை இங்குள்ள கணக்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ரிட்டர்ன் டிக்கெட்டையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் இங்கே பள்ளி திறக்கும்போது ஊரிலிருந்து வரும் டிக்கெட் எகிறிவிடும்.

ஜூலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், பிறகு கல்யாணம் அரிது. இங்கேயோ குடும்பத்தோடு இருப்பவர்கள் மொத்தமாகக் கிளம்பும் நேரம். கல்யாணமும் அதிகம் இல்லாத, டிக்கெட்டும் மலிவில்லாத மாதம் அது. கம்பெனி ஒத்துக்கொண்டால் டிக்கெட் விலைக்காகவாவது செப்டம்பர் நடுவுக்குத் தள்ளிப் பாருங்கள்.

லீவு விஷயத்தில், சட்டப்படி வருடத்துக்கு 30 நாள். அது காலண்டர் நாள், வாராந்தர விடுமுறையும் அதற்குள் அடக்கம். உங்கள் 45 நாளில் எத்தனை நாளுக்குச் சம்பளம், பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) வைத்தா முழுச் சம்பளத்தை வைத்தா, பணம் எந்தத் தேதியில் கணக்குக்கு வரும் என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். டிக்கெட்டைக் கம்பெனி தருமா என்பது உங்கள் கான்ட்ராக்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தால் (அப்படி வைத்துக்கொள்வதே இங்கே சட்டப்படி தவறு) ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள்.

விசாவின் கடைசித் தேதியை நீங்களே பாருங்கள். துபாய் விசா என்றால் ஜிடிஆர்எஃப்ஏ (துபாய் குடியேற்றத் துறை) தளம், மற்ற எமிரேட் என்றால் ஐசிபி (மத்திய அரசின் அடையாள, குடியுரிமை ஆணையம்) தளம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். ஊரில் ஏதோ ஆகி லீவு நீண்டுபோனாலும், தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே தங்கினால் சாதாரண ரெசிடென்ஸ் விசா செத்துவிடும். கிரெடிட் கார்டு பாக்கியோ, திரும்பி வந்த செக்கோ இருந்து அது வழக்காகியிருந்தால் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடலாம். பணம் சம்பந்தமான வழக்கு உங்கள் பேரில் இருக்கிறதா என்று துபாய் போலீஸ் ஆப்பில் எமிரேட்ஸ் ஐடி நம்பர் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். அது துபாய் வழக்குகளை மட்டுமே காட்டும். அபுதாபிக்கு எஸ்தஃப்ஸர் என்று தனிச் சேவை இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை (வேலைக்கு வெளிநாடு கிளம்ப இந்திய அரசின் அனுமதி வேண்டிய வகை) என்றால் முதல் முறை கிளம்பும்போது எடுத்த பிரவாசி பாரதீய பீமா பாலிசியைத் தேடுங்கள். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு அது. இரண்டு அல்லது மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். இரண்டு வருடத்துக்கு எடுத்திருந்தால் முடிந்திருக்கும், ஆன்லைனில் புதுப்பித்துவிடுங்கள்.

பெட்டிக்கு வருவோம். கோடாலித் தைலம், டேங்க் ஜூஸ் பவுடர், சாக்லேட், சென்ட், பேரீச்சம்பழம் என்று பட்டியல் தானாக வளரும். பெரிய நிடோ பால்பவுடர் டின் ஒன்றே இரண்டு கிலோவைத் தாண்டும், வெறும் பெட்டியே ஒன்றரை கிலோ பிடிக்கும். உங்கள் டிக்கெட்டில் 20 கிலோவா 30 கிலோவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், கூடுதல் கிலோவுக்குக் கவுன்டரில் கட்டும் காசில் ஊரிலேயே அந்தச் சாமானை வாங்கிவிடலாம். துபாய் ஏர்போர்ட்டில் உருண்டையான மூட்டையையும், தட்டையான ஒரு பக்கமாவது இல்லாத பையையும் எடுக்க மாட்டார்கள்; திரும்பக் கட்டச் சொல்வார்கள், அதற்குக் காசு தனி. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

தங்கம்: ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை வரியில்லை. அது நகையாக இருக்க வேண்டும். காசும் பிஸ்கட்டும் இந்தச் சலுகையில் வராது. ரசீதைக் கையிலேயே வையுங்கள். அதற்கு மேல் இருந்தால் கஸ்டம்ஸின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். மது 2 லிட்டர் வரை வரியில்லை. ‘திருச்சியில் என் மச்சான் நிற்பான், இதை மட்டும் கொடுத்துவிடு’ என்று யார் எதைத் தந்தாலும் வாங்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவரானாலும் சரி. குருவியாக (அடுத்தவர் சரக்கைக் கடத்தும் ஆளாக) போகிறோம் என்று தெரியாமலே குருவியாகி மாட்டியவர்கள் நிறைய. பணத்தை ரொக்கமாகச் சுமக்காமல் எக்ஸ்சேஞ்சில் அனுப்பிவிடுங்கள்.

ஊரில் செய்ய வேண்டிய வேலைகளை முதல் இரண்டு வாரத்திலேயே முடியுங்கள். கடைசி வாரத்துக்கு விட்டால் ‘சார் லீவு, திங்கட்கிழமை வாங்க’ என்று ஒரு பதிலில் எல்லாம் போய்விடும். வங்கிதான் முதலில். வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்த பிறகும் பழைய சேவிங்ஸ் கணக்கை அப்படியே வைத்திருப்பது ஃபெமா (அன்னியச் செலாவணிச் சட்டம்) விதிக்கு முரண். பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி நகலோடு போய் அதை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) மாற்றி, இங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு திறங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக்கொள்வார்கள். நாமினி பெயர் இருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள், கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் அப்பா பெயரே கிடக்கும். ஊர் சிம் கார்டு 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம், பிறகு வங்கி ஓடிபி எதுவும் வராது.

இடமோ வீடோ சம்பந்தமாக யாருக்காவது பவர் பத்திரம் எழுத வேண்டியிருந்தால் நேரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். இங்கிருந்து எழுதினால் தூதரகத்தில் சான்று வாங்கி, ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். இடம் வாங்கச் சொல்லி யாராவது வந்து நிற்பார்கள். வில்லங்கச் சான்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், அந்த 45 நாளுக்குள் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதென்றால் இப்போது எடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம், தள்ளத் தள்ள அது பின்னால் போகும்.

போவதற்கு முன்பே மனைவியிடம் கணக்கை முழுதாகக் கேளுங்கள்: அடகில் என்ன நகை, குழுக் கடன் எவ்வளவு பாக்கி, யார் யாருக்குத் தர வேண்டும். ஊருக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தால் சண்டைதான். சொந்தக்காரர்களுக்குக் கடன் தருவதில் உங்களால் விடக்கூடிய தொகை எவ்வளவு என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டால், ‘இல்லை’ என்று சொல்வது ஒருவர் தலையில் விழாது.

பையன் உங்களிடம் வரமாட்டான். அதற்குத் தயாராக இருங்கள். போன் திரையில் சிரிக்கும் ஆள் வேறு, தாடியும் சென்ட் வாசனையுமாக வீட்டுக்குள் நிற்கும் ஆள் வேறு, அவனுக்கு. விடிகாலை விமானத்துக்கு வேன் பிடித்துத் தூங்குகிற பிள்ளையை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் வாங்கித் தூக்காமல் தரையில் உட்கார்ந்து அவன் பொம்மையோடு விளையாடுங்கள்; சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் முதல் சில நாள் அவன் அம்மாவே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவன் ஒட்டிக்கொள்ள ஒரு வாரமோ பத்து நாளோ ஆகலாம். அதனால்தான் முதல் வாரத்திலேயே சொந்தக்காரர் வீடுகளுக்குச் சுற்றக் கூடாது. திரும்பும்போது அவன் தூங்குகையில் நழுவாதீர்கள். எழுந்து தேடுவான், அடுத்த முறை உங்களைக் கண் விட்டு விலகவே விடமாட்டான். இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டு, டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கே திரும்புவதற்குப் பெட்டி கட்டும்போதுதான் பெரிய ஆபத்து. கசகசா இங்கே போதைப்பொருள் கணக்கில் வரும், சின்னப் பொட்டலமும் ஜெயிலில் கொண்டுபோய் விடலாம். வெற்றிலை, பான் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், சில தூக்க மாத்திரைகளுக்கு இங்குள்ள அரசிடம் முன் அனுமதி வேண்டும். மற்ற மாத்திரைகளையும் டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். வீட்டில் அரைத்துக் கொடுக்கும் கறிமசாலாவில் கசகசா போட்டிருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.