தொகுதியைக் காணோம்!

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஹிக்கின்ஸ் தொகுதியில் ஒரு தமிழ் டாக்டர் ஜெயித்ததாக 2022-இல் எழுதியிருந்தீர்கள். இப்போது அந்தத் தொகுதியில் யார் எம்.பி.? அவர் தோற்றுவிட்டாரா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: டாக்டர் மிஷேல் ஆனந்தராஜா தோற்கவில்லை அம்மா. மறுபடி நிற்கத் தொகுதிதான் இல்லை. அங்கே மக்கள்தொகையைப் பார்த்து மாநிலங்களுக்கு இடம் ஒதுக்குவார்கள். ஹிக்கின்ஸ் இருந்த விக்டோரியா மாநிலத்துக்கு 39 இடம் 38 ஆனது. ஏதாவது ஒரு தொகுதி போக வேண்டும், ஹிக்கின்ஸ் போனது. பக்கத்துத் தொகுதிகள் பங்கு போட்டுக்கொண்டன.

மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகர் அது. மகள் கார்னகியில் குடியிருந்தபோது போயிருக்கிறேன். பணக்காரப் பகுதியான டூராக்கில் மதில்தான் தெரியும், வீடு தெரியாது. கார்னகியில் அடுக்குமாடிக் குடியிருப்பும் நூடுல்ஸ் கடையும். இரண்டும் ஒரே தொகுதி!

ஒருநாள் பேரனோடு 6-ஆம் நம்பர் டிராமில் கிளென் ஐரிஸ் போனேன். ஹெரால்ட் ஹோல்ட் நினைவு நீச்சல் குளம். ஹோல்ட் ஆஸ்திரேலியப் பிரதமராக இருக்கும்போதே 1967 டிசம்பர் 17-இல் கடலில் குளிக்க இறங்கியவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. “தாத்தா, முங்கிப் போனவர் பேரிலா நீச்சல் குளம்?” என்றான் பேரன். அவர்தான் ஹிக்கின்ஸின் முதல் எம்.பி.; அவர் மறைந்த சமயம் குளம் பாதி கட்டியபடி இருந்தது, அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அவருக்குப் பின் கட்சி பிரதமராக்கிய ஜான் கோர்ட்டன் செனட்டர், அதாவது மேலவை உறுப்பினர். கீழவைக்கு வரவேண்டும் என்று 1968 பிப்ரவரி 1-இல் செனட்டை விட்டார். 24-ஆம் தேதி ஹிக்கின்ஸ் இடைத்தேர்தலில் ஜெயித்தார். நடுவே மூன்று வாரம் எந்த அவையிலும் இல்லாத பிரதமர்!

1949-இல் தொகுதி பிறந்ததிலிருந்து வலதுசாரி லிபரல் கட்சியே ஜெயித்து வந்தது. 2009 இடைத்தேர்தலில் எதிர்த்தரப்பான லேபர் (தொழிலாளர்) கட்சி ஆளே நிறுத்தவில்லை. வேடிக்கை என்னவென்றால், தொகுதிக்குப் பெயர் கொடுத்த ஹிக்கின்ஸ் என்பவர், 1907-இல் குடும்பஸ்தனான தொழிலாளிக்கு நாளுக்கு 7 ஷில்லிங்காவது கூலி வேண்டும் என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி!

அந்தக் கோட்டையைத்தான் மிஷேல் ஆனந்தராஜா லேபருக்காக 2022-இல் பிடித்தார். ஈழத்தமிழ்ப் பெற்றோர், பிறந்தது லண்டன், வளர்ந்தது ஜாம்பியா, பதினோரு வயதில் ஆஸ்திரேலியா. தொற்றுநோய் நிபுணர். 2025-இல் கட்சி செனட் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டது, ஜெயித்தார். இப்போது விக்டோரியா முழுவதற்கும் செனட்டர்.