மாதம் 70 சென்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வருடங்களாக அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் வேலை. போன மாதம் குடும்பத்தோடு 61ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனபோது மிசிசிப்பியின் மவுண்ட் பையூவுக்குள் காரைத் திருப்பினேன். அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவர் 1887இல் காடு வெட்டி உருவாக்கிய ஊர் என்று படித்திருந்தேன். பார்த்தது பூட்டிய கடைகளும் காலி மனைகளும்தான். செத்த ஊர். ஓர் இனம் தனியாக ஊர் கட்டினால் இப்படித்தான் முடியுமோ? நிறப் பாகுபாடு ஒழிந்ததே இந்த ஊரை அழித்துவிட்டது என்கிறார்களே, சரியா? ஊரை நிறுவிய ஐசையா மாண்ட்கோமரி துரோகி என்றும் சொல்கிறார்கள். முடிந்தால் அந்தப் பகுதியின் ப்ளூஸ் இசை பற்றியும் எழுதுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காரை விட்டு இறங்கினீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்தத் தகவல் மட்டும் இல்லை. நான் அந்த ஊரைப் பற்றிப் படித்ததோடு சரி, போனதில்லை. நீங்கள் போயும், கண்ணாடியை இறக்காமலே இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இருந்தாலும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அங்கே திரும்பத் தோன்றியதே, அதற்காக உங்கள் மேல் எனக்குப் பிரியம்தான்.

மாண்ட்கோமரி விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். அடிமை முறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸின் அண்ணனிடம் அடிமையாக இருந்த குடும்பம் அவருடையது. 1890இல் மிசிசிப்பி அரசியல் சட்ட மாநாட்டில் இருந்த ஒரே கறுப்பினப் பிரதிநிதி அவர். தன் மக்களின் ஓட்டைப் பறிக்கும் ஷரத்துகளை ஆதரித்துப் பேசினார். துரோகம்தான். ஊரைக் கட்டியவரும் அதே ஆள்தான். இதற்கு மேல் பட்டிமன்றம் நடத்த எனக்கு விருப்பமில்லை.

ஊர் வரலாறு என்றாலே நிறுவியவர் யார், எந்தப் பெரிய மனிதர் வந்து போனார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு. அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வந்தார், டெல்டாவின் (மிசிசிப்பியின் பருத்திச் சமவெளியை அப்படித்தான் சொல்வார்கள்) ரத்தினம் என்று புகழ்ந்தார். சரி, வந்தார், போனார். ஊரைத் தூக்கி நிறுத்தியவர்கள் சந்தா கட்டியவர்கள். அதை யாரும் எழுதுவதில்லை.

அந்த ஊரில் 1942இல் டேபோரியன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அரசோ ஏதாவது பெரும் பணக்காரரோ கட்டியதல்ல. நைட்ஸ் அண்ட் டாட்டர்ஸ் ஆஃப் டேபர் என்ற கறுப்பினச் சகாயச் சங்கம் உறுப்பினர்களிடம் வசூலித்துக் கட்டியது. வருடச் சந்தா 8 டாலர் 40 சென்ட், அதாவது மாதம் 70 சென்ட். அதைக் கட்டியவருக்கு அறுவைச் சிகிச்சை உட்பட 31 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை. கட்டியவர்கள் யார்? பெரும்பாலும் பண்ணையாருக்கு விளைச்சலில் பங்கு கொடுக்கும் குத்தகைக்குப் பருத்தி விளைவித்தவர்கள். அறுவடைக்குப் பிறகு பண்ணையார் கணக்குப் பார்த்து, நீதான் எனக்குத் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிற ஆட்கள். மற்ற மருத்துவமனைகளில் அவர்களுக்குப் பின்வாசல். இங்கே முன்வாசல் வழியாக நடந்து போனார்கள்.

இந்த 70 சென்ட் என்னை விடாததற்குக் காரணம் உண்டு. எங்கள் பெரியம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். மில் தொழிலாளி வீடு. தெருவில் ஒரு மரண சகாய நிதி இருந்தது. அதன் அட்டையை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருப்பார். மாதா மாதம் ஒருவர் சைக்கிளில் வந்து, அட்டையில் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மளிகைக் கடைக்காரரிடம் அடுத்த வாரம் தருகிறேன் என்று கூசாமல் சொல்கிற பெரியம்மா, இந்தப் பணத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "கடைக்காரன் என்னைத் தூக்க வருவானாடா?" என்பார். சமீபத்தில் வீட்டை ஒழித்தபோது அந்த அட்டை கிடைத்தது. உங்கள் கடிதமும் அப்போதுதான் வந்தது.

இந்த வசூல்காரர்களையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். டேபோரியனில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த டி.ஆர்.எம். ஹோவர்ட் அப்புறம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியும் நடத்தினார். அதில் 1952இல் சேர்ந்த ஓர் இளைஞர் டெல்டா முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். தம் மக்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று அந்தத் திண்ணைகளில்தான் கண்டுகொண்டார். கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ். 1963இல் ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அவரேதான். 'கழிவறையைப் பயன்படுத்த விடாத இடத்தில் பெட்ரோல் போடாதே' என்று கார்களில் ஸ்டிக்கர் ஒட்டிய இயக்கமும் இந்த ஹோவர்ட் வட்டாரத்தில் கிளம்பியதுதான். 1955இல் வெள்ளையர்கள் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் கொலை வழக்கு நடந்தபோது அந்தச் சிறுவனின் தாய் தங்கியதும் மவுண்ட் பையூவில் ஹோவர்ட் வீட்டில்தான்.

பாகுபாடு ஒழிந்ததால் ஊர் அழிந்ததா என்று கேட்டீர்கள். பாதி உண்மை. 1960களில் மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு வந்து, மற்ற மருத்துவமனைகளும் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1944இல், நீங்கள் கடந்து வந்த கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் ஹாப்சன் பண்ணையில் விதைப்பிலிருந்து அறுவடை வரை முழுக்க இயந்திரத்தாலேயே பருத்தி விளைவித்துக் காட்டிவிட்டார்கள். கைகள் தேவையில்லை என்றானதும் ஜனங்கள் சிகாகோவுக்கு ரயிலேறினார்கள். சந்தா கட்டுகிறவர் போய்விட்டால் சங்கம் எப்படி நிற்கும்? டெல்டாவில் வெள்ளையர் ஊர்களின் கடைத்தெருவும்தான் காலியாகக் கிடக்கிறது. அங்கே நின்று, ஓர் இனம் ஊர் கட்டினால் இப்படித்தான் என்று உங்களுக்குத் தோன்றவில்லையே, ஏன்? யோசியுங்கள்.

செத்த ஊர் என்றீர்கள். 1967இல் ஜாக் கைகர் என்ற மருத்துவர் அங்கே ஒரு சமூக சுகாதார நிலையம் தொடங்கினார். சோற்றுக்கில்லாமல் நோயாகி வந்த பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடையில் அந்தச் சீட்டுக்குப் பாலும் காய்கறியும் கிடைத்தன. பணம் மருந்தகக் கணக்கிலிருந்து போனது. மேலிடம் ஆட்சேபித்தபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு உணவுதான் மருந்து என்று கைகர் பதில் சொன்னார். டெல்டா ஹெல்த் சென்டர் என்ற அந்த நிலையம் இன்றும் வேலை செய்கிறது. அடுத்த முறை வண்டியை நிறுத்தி உள்ளே போய்ப் பாருங்கள்.

ப்ளூஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு இசை ஞானம் கிடையாது. வேறு யாரையாவது கேளுங்கள்.