ஏணித் தரவரிசையில் ஆடாதவர்களும் ஏன் ஒரு படி இறங்குகிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: பொழுதுபோக்காக ஆடும் பேட்மிண்டன் லீக்கில் 9-ஆவது படியில் இருந்தீர்கள். 6-ஆவது ஆளை அழைத்து ஆடி ஜெயித்தீர்கள், அவர் இடம் உங்களுக்கு வந்தது. ஆனால் உங்களோடு ஆடவே ஆடாத 7-ஆவது, 8-ஆவது ஆட்களும் ஒரு படி இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வருத்தம். இது நியாயமா?

நியாயம்தான். நான்கு வருடமாக எங்கள் குழுவின் ஏணியைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஏணி ஒரு மரப்பலகை. மேலிருந்து கீழாக 20 ஆணி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓர் அட்டை. 7-ஆவது ஆணியில் இருந்த அக்கா ஒரு நாள் வந்து பார்த்தால் அவர் அட்டை 8-இல் தொங்குகிறது. "நான் இந்த வாரம் ராக்கெட்டையே தொடலையே, எப்படித் தோத்தேன்?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வலிதான் அதிகம். நான்கு அட்டைகளையும் கழற்றி பெஞ்சில் பழைய வரிசையில் வைத்தேன்: 6, 7, 8, 9. பலகை அதுவரை சொன்னது, 6 பலமானவர், அடுத்து 7, அடுத்து 8, அடுத்து 9. இப்போது புதிதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: 9 ஆனவர் 6-ஐ ஜெயித்துவிட்டார். அவர் அட்டையை எடுத்து 6-க்கு மேலே வைத்தேன். மற்ற மூவரும் தங்களுக்குள் எந்த வரிசையில் இருந்தார்களோ அதே வரிசையில்தான் இருக்கிறார்கள். அக்கா யாரிடமும் தோற்கவில்லை, அவருக்கு மேலே ஓர் ஆள் நுழைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

சில லீக்குகளில் இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள்: ஜெயித்தவர் 6-க்கு, தோற்றவர் நேராக 9-க்கு. நடுவில் இருப்பவர்களுக்கு அதில் நிம்மதி. ஆனால் அந்தப் பலகை சொல்வதைக் கவனியுங்கள். 6-ஆவது ஆள் 7-ஐவிடவும் 8-ஐவிடவும் பலவீனமானவர் என்கிறது. அவர்களோடு அவர் ஆடவே இல்லையே! ஒரே ஒரு தோல்விக்கு மூன்று படி போய்விடும் என்றால் மேலே இருப்பவர் கீழே இருந்து வரும் அழைப்பைத் தட்டிக்கழிக்கத்தான் பார்ப்பார். ஒரு படிதான் போகும் என்றால் தைரியமாக வந்து ஆடுவார். நான் நகர்த்தும் முறையைப் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

ஏனென்றால் ஏணி தன்னால் எதையும் அளப்பதில்லை. யாராவது யாரையாவது அழைத்து ஆடினால்தான் அது அசையும். எங்கள் பலகையில் 4-ஆவது ஆணியில் இருந்தவர் ஒருமுறை இரண்டு மாதம் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றே ஓட்டினார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் களைத்துப்போய் அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த விதிகள்தான் இப்போதும் இருக்கின்றன: அதிகபட்சம் மூன்று படி மேலே உள்ளவரை அழைக்கலாம், 7 நாளில் பதில் சொல்ல வேண்டும், 14 நாளில் ஆடி முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் அழைத்தவருக்கு. தோற்றவர் அதே ஆளை உடனே மறுபடி அழைக்க முடியாது, இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அடிபட்டவர்கள் விஷயம் வேறு, அவர்கள் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் பழைய இடத்துக்கு ஒரு படி கீழே மாட்டுகிறேன்.

இந்த முறையில் எனக்கு உண்மையிலேயே குறையாகத் தெரிவது புதியவர்கள் படும் பாடு. நன்றாக ஆடும் ஒருவர் 20-ஆவது படியில் சேர்ந்தால் 17, 14, 11, 8, 5, 2 என்று ஏறி முதலிடம் பிடிக்க வரிசையாக 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அதற்குள் பாதிப் பேர் அவரிடம் அநியாயமாக அடிவாங்கியிருப்பார்கள். அதனால் புதியவரின் முதல் அழைப்புக்கு மட்டும் படிக் கணக்கு கிடையாது, யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம்.

"பேசாமல் செஸ்ஸில் இருப்பதுபோல ரேட்டிங் வைக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஆர்பட் ஈலோ உருவாக்கிய அந்த முறையை உலக செஸ் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. அதில் எதிராளியின் பலத்துக்கு ஏற்றபடி புள்ளி வரும். ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 32 புள்ளி என்று வைத்தால், சமமான ஆளை ஜெயித்தால் 16, உங்களைவிட 400 புள்ளி குறைந்தவரை ஜெயித்தால் சுமார் 3 மட்டும், அவரிடம் தோற்றால் சுமார் 29 போய்விடும். ஏணியைவிடத் துல்லியம்தான். ஆனால் 20 பேர் வாரம் ஒருமுறை ஆடும் இடத்தில், அடுத்து யாரோடு ஆடுவது என்பதை அந்த எண் சொல்லாது. பலகையைப் பார்த்தால் அடுத்த ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இப்போது நீங்கள் 6-இல் இருக்கிறீர்கள். உங்கள் லீக்கிலும் மூன்று படி விதிதான் என்றால் 5, 4, 3 உங்களுக்குத் திறந்திருக்கின்றன. அதேபோல வருத்தத்தில் இருக்கும் அந்த இருவரும் 8, 9-இல் இருக்கிறார்கள், இருவருக்குமே நீங்கள் எட்டும் தூரம்தான். நாளைக்கே கூட அழைக்கலாம். அழைத்தால் நாள் கடத்தாமல் போய் ஆடுங்கள்.