வாசகர் கேள்விகள்: பறித்த பந்தை முதலில் யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: நான் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் கால்பந்து அணியில் நன்றாக ஓடக்கூடிய மாணவர்கள் இருக்கிறார்கள். எதிரணியிடமிருந்து பந்தை அடிக்கடி பறிக்கவும் செய்கிறார்கள். ஆனால் இரண்டு பாஸுக்குள் அது திரும்பவும் எதிரணிக்கே போய்விடுகிறது. விரைவான எதிர்த்தாக்குதலை இவர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் மாணவர்களுக்கு ஓட்டத்தில் குறையில்லை, பந்தைப் பறித்த கணத்தில் யாரைப் பார்ப்பது என்பதில்தான் தடுமாற்றம். பந்தைப் பறிப்பவர் பெரும்பாலும் குனிந்த தலையோடு, நெருக்கடிக்கு நடுவில், தன் அணியின் கோலைப் பார்த்தபடி இருப்பார். அவரே நிமிர்ந்து முன்னே நீண்ட பந்தை அடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அருகிலுள்ள ஒருவர் எதிரணியின் கோலை நோக்கித் திரும்பியபடி நின்று அந்தப் பந்தை வாங்க வேண்டும். எதிர்த்தாக்குதலைத் தொடங்கிவைப்பவர் அவரே.

2018 உலகக் கோப்பையில், ரஷ்யாவின் ரொஸ்தோவ் நகரில் பெல்ஜியமும் ஜப்பானும் ஆடிய ஆட்டத்தின் கடைசி கோலை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டுங்கள். 0-2 என்று பின்தங்கியிருந்த பெல்ஜியம் சமன் செய்திருந்த நிலையில், 94ஆவது நிமிடத்தில் ஜப்பானின் ஹோண்டா அடித்த கார்னரை (களத்தின் மூலையிலிருந்து உதைக்கப்படும் பந்தை) பிடித்த பெல்ஜியம் கோல்கீப்பர் கூர்ட்வா, சற்றும் தாமதிக்காமல் பந்தை டி புருய்னேயிடம் உருட்டிவிட்டார். டி புருய்னே களத்தின் நடுவே பந்தோடு ஓடினார். ஜப்பானிய வீரர் ஒருவர் தன்னைத் தடுக்க நெருங்கும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகே வலப்பக்கம் மூனியேவுக்குக் கொடுத்தார். மூனியேவுக்கு அங்கே இடம் கிடைத்ததற்குக் காரணம், லுகாகு உட்பக்கமாக ஓடித் தற்காப்பு வீரரைத் தன்னோடு இழுத்துச் சென்றதுதான். மூனியே தாழ்வாகக் குறுக்கே அனுப்பிய பந்தையும் லுகாகு தொடாமல் விட்டுவிட, பின்னால் ஓடிவந்த ஷாட்லி அதைக் கோலுக்குள் தள்ளினார். கூர்ட்வா பந்தைப் பிடித்ததிலிருந்து எல்லாம் சேர்த்துச் சுமார் 10 விநாடிகள். இதில் லுகாகு ஒரு முறைகூடப் பந்தைத் தொடவில்லை. அவர் ஓடாமல் இந்தக் கோல் விழுந்திருக்காது. பந்தில்லாத வீரரின் ஓட்டத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் எனக்குத் தெரியாது.

இனி பயிற்சி. கூம்புகளை வரிசையாக நிறுத்தி, எதிராளியே இல்லாமல் ஓடவிடும் பயிற்சியால் இது வராது, ஏனென்றால் அங்கே பந்து உண்மையில் கைமாறுவதே இல்லை. ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், கோல்கீப்பர்களோடு ஐந்துக்கு ஐந்து ஆடவிடுங்கள். பந்தைப் பறித்த 10 விநாடிகளுக்குள் அடிக்கும் கோலுக்கு இரண்டு புள்ளி என்று அறிவித்துவிட்டால், நீங்கள் கத்த வேண்டிய அவசியமே இருக்காது. மாணவர்கள் தாமாகவே முன்னே பார்க்கத் தொடங்குவார்கள். மூன்று பேர் இரண்டு தற்காப்பு வீரர்களைத் தாக்கும் பயிற்சியைத் தனியாகவும் கொடுக்கலாம். அதில் பந்து வைத்திருப்பவர் ஒரு தற்காப்பு வீரரை நோக்கியே ஓட வேண்டும், மற்ற இருவரும் ஓரங்களை விட்டு வெகு சீக்கிரம் நடுவே வந்துவிடக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் போகாமல், நடுவே போதிய ஓய்வு கொடுங்கள். களைத்த கால்கள் மெதுவான ஆட்டத்தைத்தான் பழகிக்கொள்ளும். இன்னொன்று: முன்னே யாரும் இல்லாதபோது பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் மாணவரைத் தயவுசெய்து கண்டிக்காதீர்கள், அவர் சரியாகத்தான் முடிவெடுத்திருக்கிறார்.

கேள்வி: நாங்கள் தாக்கப் போகும்போதெல்லாம் பந்தை இழந்து கோல் வாங்குகிறோம். அதற்காகத் தாக்குவதைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தாக்கும்போதே பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை ஒழுங்குபடுத்துங்கள். எதிரணி முன்னே எத்தனை பேரை விட்டுவைத்திருக்கிறதோ, அதைவிட ஒருவர் கூடுதலாக நம் பக்கம் பின்னே நிற்பது பாதுகாப்பான கணக்கு. மேலே சொன்ன ஆட்டத்தில் ஜப்பான் அந்தக் கார்னருக்குப் பலரை முன்னே அனுப்பியிருந்ததால்தான் டி புருய்னேயின் எதிரே அவ்வளவு பரந்த வெளி கிடந்தது.

பந்து பறிபோனால், மிக அருகில் இருப்பவர் உடனே அதை வைத்திருப்பவரை நெருங்க வேண்டும். அவருக்கு அடுத்திருக்கும் இருவர் பக்கத்துப் பாஸ்களை அடைக்க வேண்டும். பயிற்சியாளர் குவார்டியோலாவின் பார்சிலோனாவும், 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளில் ஜெர்மனியின் லீக் பட்டத்தை வென்ற, பயிற்சியாளர் கிளாப்பின் டோர்ட்முண்டும் இந்த உடனடி நெருக்குதலில் பேர்பெற்றவை. ஐந்தாறு விநாடிகளில் பந்து மீளவில்லையென்றால், துரத்துவதை விட்டுவிட்டு எல்லோரும் நம் கோலுக்கு முன்னே, நடுப்பகுதியை அடைத்தபடி, பின்வாங்கிவிட வேண்டும். ஒருவர் மட்டும் துரத்திக்கொண்டிருக்க மற்றவர்கள் நின்று பார்ப்பதுதான் பள்ளி அணிகளில் நான் காணும் மிகப் பெரிய ஆபத்து.

கேள்வி: எதிர்த்தாக்குதலில் எங்கள் ஸ்ட்ரைக்கர் (முன்னணித் தாக்குதல் வீரர்) அடிக்கடி ஆஃப்சைடில், அதாவது பாஸ் கொடுக்கப்படும்போதே எதிரணித் தற்காப்பைத் தாண்டி நிற்கும் தவறில், சிக்குகிறார். என்ன சொல்லித்தரலாம்?

பதில்: பாஸ் கொடுக்கப்படும் கணத்தில் அவர் நம் பாதியிலோ நடுக்கோட்டிலோ இருந்தால் ஆஃப்சைடு கிடையாது. எதிரணி முழுவதும் ஏறி வந்திருக்கும்போது அவர் நடுக்கோட்டுக்கு இப்பால் நின்று, பாஸ் அடிக்கப்பட்ட பிறகு புறப்படட்டும். கோல் கிக் (கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தைத் தரையில் வைத்துத் தற்காக்கும் அணி உதைப்பது), த்ரோ-இன் (பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் எறிவது), கார்னர் ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் பந்தை வாங்கினாலும் ஆஃப்சைடு இல்லை. ஆனால் கோல்கீப்பர் பந்தைக் கையில் பிடித்து எறிந்தாலோ உதைத்தாலோ ஆஃப்சைடு விதி வழக்கம்போலப் பொருந்தும். இதைக் கோல் கிக்கோடு குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் நிறைய இருப்பதால், களத்தில் இரண்டையும் தனித்தனியே செய்துகாட்டுங்கள்.