ஓய்வு பெற்ற அப்பா சம்பளமில்லாத தொண்டுக்குத் தினமும் போகிறார், தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். "பிள்ளைகள் பார்ப்பதில்லை என்று ஊர் பேசுமே" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தப் பேச்சுத்தான் என்று நினைக்கிறேன். எங்களையும் அதுதான் உறுத்தியது. இருதய வருத்தம் உள்ளவர் என்றால் வேறு கதை, அதை டொக்டரிடம் கேளுங்கள்.

நாங்கள் திருகோணமலை, பாலையூற்று. அப்பா 1959இல் பத்தொன்பது வயதில் றோயல் சிலோன் நேவியில் சேர்ந்தார். கஜபாகு கப்பலில் இருந்தார். பன்னிரண்டு வருடம் முடித்து 1971இல் விலகிவிட்டார். நேவி என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அது போருக்கு முந்திய காலம். மிச்சத்தையும் வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

1980இல் சீனக்குடாவில் பிறிமா மா ஆலை தொடங்கியதும் அங்கே வேலை கிடைத்தது. வீட்டுக்கு வரும்போது புருவமும் காது மயிரும் வெள்ளையாக இருக்கும். அவருடைய சட்டையை ஊறப்போட்டால் வாளித் தண்ணீர் பசையாகிவிடும் என்று அம்மா புறுபுறுப்பா. கடை மாவை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தே ஈரம் பிடித்ததா இல்லையா என்று அப்பா சொல்லிவிடுவார். ஆலை இரைச்சலில் வலது காது போய்விட்டது.

1995இல் ஓய்வு. மூன்று மாதம் வாசலில் கதிரை போட்டு இருந்தார். அப்புறம் ஒரு நாள் அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போன இடத்தில், மூதூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டி அழுதுகொண்டிருந்தார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அப்பா கப்பலில் பழகிய சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். அடுத்த நாளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பதினாறு வருடம் போனார்.

இடது காதைத் திருப்பிக் குனிந்து, "எத்தனை நாளா நோகுது ஆச்சி?" என்று கேட்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு மருந்து உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் கீறிக் கொடுப்பார். சேருவிலப் பக்கத்துச் சிங்களச் சனம் வந்தால் தமிழ்த் தாதிமாரிடம் அவர்களுக்காகவும் பேசுவார். 2004 சுனாமி அன்று போனவர் மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். இரண்டு மொழியிலும் பெயர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா செத்த பிறகு அவருடைய காசு விசயமாக ஓர் அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கிவிட்டது. இருந்தும் எழுபது வயது மனுசி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் வாசித்துச் சொன்னவரின் மனைவி அவ. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் அப்பாவிடம் வருகிறேன். காலையில் போகும்போது சோறு கட்டிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் அப்பா பகல் முழுக்க ஒரு பிளேன்ரீயோடு நின்றிருக்கிறார். மூன்று வருடமாக அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.