பாளை சீவிய கை

அன்புள்ள அண்ணாச்சி,

அப்பாவோடு பனையேறி, பாளை சீவியே வளர்ந்தவன் நான். இப்போது அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். சீவத் தெரிந்தவனுக்குப் பயிற்சி வேண்டுமா? எந்தக் கத்தி வாங்கலாம்? பால் பிடிக்கும் சிரட்டையில் சுண்ணாம்பு தடவலாமா?

ஒரு வாசகர், கருங்கல்

அன்புள்ள தம்பி,

சுண்ணாம்பு அக்கானிக்கு (பதநீருக்கு), இங்கே வேண்டாம். கலயம் கழுவிப் பழகிய உனக்குச் சிரட்டையைச் சுத்தமாக வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தி, அந்தத் தோட்டத்தில் மற்றவர்கள் வைத்திருப்பதையே வாங்கு.

ஆனால் ‘சீவத் தெரிந்தவனுக்குப் பயிற்சி வேண்டுமா’ என்று கேட்டாயே, அதுதான் கோபத்தைக் கிளப்பியது. கத்தி தீட்டுவது, மெல்லிசாகச் சீவுவது, விடியுமுன் எழுவது எல்லாம் உன்னிடம் இருக்கிறது. புதிதாக வருகிறவன் திணறுவதே இவற்றில்தான். உன் ஆபத்து வேறு.

பாளையில் இன்று கை தப்பினால் நாளைச் சீவலோடு அந்தத் தப்பு போய்விடும். ரப்பரில் போகாது. பால்குழல்கள் பட்டைக்குள் இருக்கின்றன. உள்ளே போகப்போக அதிகம். அவற்றுக்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம். அதற்கு 1 மில்லிமீட்டர் வெளியே கத்தி நின்றாக வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் பால் கூடுமே என்று கை இழுக்கும். அதற்கு இடம் கொடுக்காதே. வெண்மரம் ஒரு பொட்டு தெரிந்தாலும் காயம்தான். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வருடங்கள் கழித்து அதே பட்டையில் மறுபடி வெட்டும்போது கத்தி ஓடாது.

சீவலின் கனம் 1.5 மில்லிமீட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் அதற்கே வருடத்துக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் பட்டை போகும். கனத்தை இரட்டித்தால் பால் இரட்டிக்காது, பட்டைதான் பாதிக் காலத்தில் தீரும். வெட்டுச் சாய்வு ஒட்டுமரத்தில் (ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்தில்) 30 டிகிரி, இடது மேலிருந்து வலது கீழாக. குழல்கள் சற்று வலப்புறம் சாய்ந்து ஏறுவதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழல்கள் அறுபடும். பாளை நுனியைக் குறுக்கே சீவிய கண்ணுக்கு இது பிடிபட நாளாகும் தம்பி.

ரப்பர் வாரியப் பயிற்சிக்குப் போ. அதற்குமுன், மறுநடவுக்காக முறிக்கப்போகும் கிழட்டு மரங்கள் நாலைந்தைக் கேட்டு வாங்கிக்கொள். வெட்டியதும் ஊசியால் குத்தி, மரத்தில் முட்ட எவ்வளவு இறங்குகிறது என்று பார். கீழே விழுந்த சீவல்களில் பத்து எடுத்து அடுக்கி அளவுகோல் வை. 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் இளமரத்தில் இன்னும் கைவைக்காதே.